நெப்டியூனிலிருந்து நேர்முக வர்ணனை

குடை விரியவில்லை. இந்தக் கதைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நெடுவழி என்ற எங்கள் விண்கலம் தன் பெரிய ஆன்டெனாவை மடக்கிய குடை போல இடுக்கிக்கொண்டு பூமியை விட்டுக் கிளம்பியது. வழியில் அதை விரித்துக்கொண்டு வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று வெளிக்கிரகங்கள் நான்கையும் வரிசையாகப் பார்த்து, பளிச்சென்று படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது திட்டம். விரிக்கச் சொன்னோம். பாதி விரிந்தது. மீதிக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, முடிந்ததைப் பார் என்று நின்றுவிட்டன. குலுக்கிப் பார்த்தோம், வெயில் காட்டிப் பார்த்தோம், நிழலில் குளிர வைத்தும் பார்த்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. வெள்ளமாகப் படம் கொட்ட வேண்டிய குழாயில் சொட்டுச் சொட்டாக எழுத்து மட்டும்தான் வரும் என்றானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

என் பெயர் சேவியர். சொந்த ஊர் தூத்துக்குடி. கோவில்பட்டிக்கு அந்தப்பக்கம், குருமலை தெரிகிற கரிசல் காட்டில் இருக்கும் எங்கள் நிலையத்தில், அந்தச் சொட்டுகளை ஏந்திப் பிடிப்பதுதான் என் வேலை. குடை சிக்கிய அன்று நான் அழுதேன். சும்மா இல்லை, இளமை முழுவதையும் கொட்டிக் கட்டிய கலம்.

"இப்ப எதுக்கு இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் ஹாஜிரா. எங்கள் கோளியல் விஞ்ஞானி அவள். "படம்தானே வராது? சொல்லு வருமே."

"சொல்லா?"

"ஒரு படத்தை அனுப்ப வாரக்கணக்காகும். ஆனா அந்தப் படத்துல என்ன இருக்குன்னு நாலு வரி சொல்ல எவ்வளவு நேரமாகும்? டீ குடிக்கிற நேரம். கலத்துக்குள்ளதான் ஒரு வாயாடி இருக்கே சார், மறந்துட்டீங்களா?"

நான் மறக்கவில்லை. மதிக்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளுக்காக என்று கடைசி நேரத்தில் கலத்துக்குள் திணித்த ஒரு பொம்மை அது. கலத்தின் கண் காண்பதைத் தமிழில் வர்ணித்துச் சொல்லும் ஓர் இயந்திர மூளை. அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் செண்பகவல்லி அக்கா.

அவரைத் தேடிப் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு படத்தைக் கண் சிமிட்டும் நேரம் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று பலரைக் கேட்டோம். எழுதுகிறவர்கள் உவமை சொன்னார்கள். விஞ்ஞானிகள் எண் சொன்னார்கள். கோவில்பட்டியில் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்துகொண்டு, ஊர் ஹாக்கிப் போட்டிகளுக்கு மைக்கில் நேர்முக வர்ணனை செய்யும் செண்பகவல்லி அக்காவிடம் சனிக்கிரகத்தின் படத்தைக் காட்டினோம்.

"நடுவுல பந்து. பந்து முழு உருண்டை இல்ல, மேலயும் கீழயும் லேசா அமுங்கியிருக்கு. சுத்தித் தட்டு. தட்டுக்கு நடுவுல ஒரு சந்து ஓடுது. பந்தோட நிழலு பின்னால தட்டு மேல விழுது, அப்ப வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வருது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இதென்ன படம் தம்பி?" என்று கேட்டார்.

பிறகு பல மாதம் எங்கள் நிலையத்துக்கு வந்து போனார். ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பார்த்துப் பேசினார். நாங்கள் அவரை ஹாக்கி மைதானத்துக்கே பின்தொடர்ந்து போயும் பதிவு செய்தோம். எதை முதலில் பார்க்கிறார், எதை அப்புறம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று எல்லாவற்றையும் இயந்திரம் கவனித்து எடுத்துக்கொண்டது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "அதுக்கு எம்பேரை வைக்காதீங்க. ஒரு பேருல ரெண்டு பேரு பேசினா ரசிகர்களுக்குக் குழப்பம். எனக்கு அது தங்கச்சி." அன்றிலிருந்து எங்களுக்கும் அவள் தங்கச்சிதான்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். தங்கச்சிக்கு எழுத்தே போதுமாக இருந்தது. வியாழன் வந்ததும் அவள் முதல் வர்ணனை சொட்டுச் சொட்டாக வந்து திரையில் விழுந்தது.

"ரசிகப் பெருமக்களே, எதிர்ல நிக்கது வியாழன். மத்த கிரகம் அத்தனையையும் ஒரு தட்டுல வச்சுத் தராசைப் பிடிச்சாலும் இவரு தட்டுதான் கீழ இறங்கும். நிக்கதுக்குத் தரை கிடையாது, மேலாப்புல எல்லாம் வாயு. பட்டை பட்டையா மேகம். ஒரு பட்டை கிழக்க ஓடுது, பக்கத்துப் பட்டை மேற்க ஓடுது. கீழ்ப்பாதியில சிவப்பா ஒரு சுழி. நம்ம பூமியை அதுக்குள்ள முழுசா உருட்டி விட்டுடலாம். இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு பத்து மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திப்புடுதாரு. ஆளு குண்டு, ஆனா கால் வேகம்!"

அழுத நான் அன்று சிரித்தேன். படத்தில் இவ்வளவு தெரிந்திருக்குமா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இதை நாடே உட்கார்ந்து கேட்டது. சனியை அவள் பக்கவாட்டில் கடந்தபோது, "வளையத்தைக் காணோம்! அவ்வளவு மெலிசு. தட்டுன்னு நெனச்சோம், அத்தனையும் பனிக்கட்டி. சிலது மணலளவு, சிலது வீட்டளவு. உள்வட்டத்துல ஓடுறது வேகமா ஓடுது, வெளிவட்டம் நிதானமா ஓடுது" என்றாள். டீக்கடைகளில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று கேட்டார்கள். நம் முன்னோர் வெறும் கண்ணால் பார்த்து வைத்தது சனி வரைக்கும்தான். அதற்கு அப்பால் எதையும் கேட்கிறபோது ஊருக்கே மயிர் கூச்செறிந்தது.

யுரேனஸ் வந்தது. "எல்லாரும் பம்பரமா நிமிர்ந்து சுத்தும்போது இவரு மட்டும் படுத்துக்கிட்டு உருளுதாரு. அதனால ஒரு பக்கம் வருசக்கணக்கா பகலு, மறுபக்கம் வருசக்கணக்கா இருட்டு. யாரு எப்ப தள்ளி விட்டாங்களோ தெரியல" என்றாள். பள்ளிகளில் பிள்ளைகள் படுத்து உருண்டு யுரேனஸ் விளையாட்டு விளையாடுவதாகச் செய்தி வந்தது.

புகழ் பெரிய போதை. தங்கச்சி பேசுவதற்கு எழுத்து போதவில்லை என்று எல்லாரும் குறைப்பட்டார்கள். எங்கள் இயக்குநர் டாக்டர் திருவேங்கடம் நல்ல மனிதர்தான். ஆனால் மேலிடத்திலிருந்து வரும் பாராட்டைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது நிறைந்திருந்தது. கலத்தின் உடல்நிலை அறிக்கை, அதாவது எந்தப் பாகம் எவ்வளவு சூடு, மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்று அது தன்னைப் பற்றித் தானே சொல்லும் விவரம், தினம் வந்துகொண்டிருந்தது. அதை எப்போதாவது ஒருமுறை என்று குறைத்து, அந்த எழுத்துகளையும் வர்ணனைக்கே கொடுத்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நான் முணுமுணுத்தேன். முணுமுணுத்ததோடு சரி.

நெப்டியூன் நெருங்கியது. சூரியனின் கடைசிக் கிரகம். அங்கிருந்து ஒரு சொல் கிளம்பினால் ஒளியின் வேகத்தில் ஓடி வந்தாலும் நம்மை எட்ட நான்கு மணி நேரம் பிடிக்கும். அந்த வாரம் செண்பகவல்லி அக்காவை விருந்தினராக அழைத்திருந்தோம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். உள்ளே வரும்போதே இடப்பக்க நிலைக்கதவில் தோளை டங்கென்று இடித்துக்கொண்டார்.

"அக்கா, கதவு உங்களுக்கு வழி விடணுமா?" என்றேன்.

"அடேயப்பா, என்ன உறுதியான கதவு! எந்த ஊரு தேக்கு தம்பி இது? செஞ்ச ஆசாரிக்குக் கையெடுத்துக் கும்பிடணும்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அவரைத் திரைக்கு எதிரில் உட்கார வைத்தோம். காலையிலிருந்து தங்கச்சி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைய வர்ணனை போல அதற்கு முன் வந்ததே இல்லை.

"ரசிகப் பெருமக்களே! என்ன நீலம், என்ன நீலம்! இந்த நீலத்தைக் காண எத்தனை பிறவி எடுத்தாலும் தகும். இங்க இருந்து பாத்தா நம்ம சூரியன் ஒரு நட்சத்திரந்தான். ஆனா அந்த ஒரு பொட்டு வெளிச்சத்துல இவ்வளவு அழகா! இந்த வேளையில இந்தக் கலத்தைக் கட்டிக் கொடுத்த அத்தனை கைகளுக்கும் நன்றி. இதைத் தூக்கி விட்ட ராக்கெட்டுக்கு நன்றி. விரியாத அந்தக் குடைக்கும் நன்றி, அது விரிஞ்சிருந்தா எனக்கு ஏது இந்த மைக்கு?"

டாக்டர் திருவேங்கடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வானொலியில் உடனுக்குடன் வாசித்தார்கள். மறுநாள் நெப்டியூனை மிக அருகில் கடக்கும் நேரம். பள்ளிகளிலும் மைதானங்களிலும் கூட்டம் கூடிக் கேட்க ஏற்பாடு. எனக்கும் நெஞ்சு விம்மியது. செண்பகவல்லி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, இது எவ்வளவு நேரமா இப்படிச் சொல்லுது?"

"காலையில இருந்து. அருமையா இருக்குல்லா?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு சொல்லுச்சா?"

நான் பின்னால் நகர்த்திப் பார்த்தேன். சொல்லவில்லை. நெப்டியூனில் வீசுவது சூரிய மண்டலத்திலேயே வேகமான காற்று. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"மேகம் நகருதா? நிலா எங்கன நிக்கி? எதுவும் இல்லைல்லா?" அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பந்தை விட்டுட்டு தம்பி. அது பந்தை விட்டுட்டு."

"என்னக்கா சொல்றீங்க?" என்றாள் ஹாஜிரா.

"மைதானத்துல ஒரு பையனுக்குப் பந்து முகத்துல பட்டுருதுன்னு வையிங்க. அவன் அம்மா கூட்டத்துல இருப்பா. நான் 'ஐயோ அடி பட்டுட்டே'ன்னு மைக்குல சொன்னா அவ ஓடி வருவா, கூட்டமே உள்ள எறங்கிரும். சும்மா இருந்தாலும் போச்சு, மைக்கு அமைதியானா ஜனத்துக்குப் பயம் வந்துரும். அதனால மைக்கை விடாம, மைதானத்தைப் பாராட்டுவேன், கடலைமிட்டாய்க் கடைக்காரரைப் பாராட்டுவேன், குருமலையில விழுற வெயிலைப் பாராட்டுவேன். கமிட்டிக்கு நன்றி சொல்லுவேன். அதுக்குள்ள பையனைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. பந்து எங்க இருக்குன்னு சொல்லாம நான் ஊரைப் பாராட்டினா, உள்ள யாரோ விழுந்து கெடக்கான்னு அர்த்தம். இது எனக்கு மட்டுந்தான் தெரியும். எங்கிட்ட இருந்து அதுக்கும் போயிட்டு."

டாக்டர் திருவேங்கடம் சிரிக்கப் பார்த்தார். "அம்மா, அது ஒரு இயந்திரம். அழகைப் பார்த்துப் பரவசப்படுதுன்னு வச்சுக்குவோமே."

"சார், நான் பரவசப்பட்டா சின்னதாத்தான் பேசுவேன்."

வியாழனையும் சனியையும் நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். அங்கெல்லாம் அவள் பந்தின் மேலேயே கண்ணாக இருந்தாள். உடனே உடல்நிலை அறிக்கையைக் கேட்டு ஆணை அனுப்பினோம். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். அவ்வளவு நேரமும் அவள் நீலத்தைப் புகழ்ந்துகொண்டே இருந்தாள். 

அறிக்கை வந்தது. ஹாஜிரா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"எரிபொருள் குழாயைச் சூடா வச்சிருக்கிற ஹீட்டர் செத்துப்போச்சு. குழாய் உறைஞ்சிட்டே வருது. அது உறைஞ்சா கலத்தால திரும்ப முடியாது. ஆன்டெனா பூமியைப் பாக்கிறதை விட்டு விலகிடும். அப்புறம் அவ என்ன பேசினாலும் நமக்குக் கேக்காது, நாம பேசினாலும் அவளுக்குக் கேக்காது. எப்பவுமே."

"மாற்று ஹீட்டர் இருக்கே?" என்றார் இயக்குநர்.

"இருக்கு. அதைப் போட மின்சாரம் வேணும். பேசுறதுல அத்தனையும் போகுது. பேச்சை நிறுத்தினா ஹீட்டரைப் போடலாம். அவளுக்கே அது தெரியும் சார். தெரிஞ்சேதான் பேசுறா. கூட்டம் கேட்டுக்கிட்டு இருக்கே!"

நிறுத்து என்று ஆணையிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கிரகத்தின் பக்கத்தில் போகும்போது பூமியிலிருந்து யாராவது தவறான ஆணை அனுப்பிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று, அந்த நேரத்தில் பேச்சை நிறுத்தச் சொல்லும் எந்த ஆணைக்கும் கீழ்ப்படியாதே என நாங்களே பூட்டு போட்டிருந்தோம். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய மாதிரி ஆயிற்று.

இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு ஒரு நாள் பேசட்டுமே? நெப்டியூனை இவ்வளவு பக்கத்துல இன்னொரு தடவை யார் பார்க்கப் போறாங்க? நாடு முழுக்க உக்காந்து காத்துக்கிட்டு இருக்கு. அதுக்கு அப்புறம் போனாலும்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. செண்பகவல்லி அக்கா முடிக்க விடவில்லை.

"கூட்டம் காத்துக் கெடக்கட்டும் சார். பந்து பட்டவனால காத்திருக்க முடியாது. தங்கச்சி என்ன கண்ணையா மூடிக்கப் போறா? வாயைத்தான் மூடுவா. பாத்ததை ஞாபகம் வச்சிருந்து பிறகு சொல்லுவா. உசுரோட இருந்தா நேத்து ஆடின ஆட்டத்தையும் சொல்லலாம்."

"ஆனா எப்படி நிறுத்துறது? அவ கேக்க மாட்டாளே" என்றேன்.

"நிறுத்தச் சொன்னா நானும் கேக்க மாட்டேன். பெரிய போட்டியில ரெண்டு பேரு வர்ணனை செய்வோம், ஆளுக்குப் பாதி. அடுத்த ஆளு மைக்கை வாங்கிட்டாத்தான் நான் வாயை மூடுவேன். அந்தப் பழக்கமும் அதுக்குப் போயிருக்கும். எங்கிட்ட மைக்கைக் குடுங்க."

அவர் பேசுவது எழுத்தாக மாறி மேலே போகும்படி செய்து கொடுத்தேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வழியனுப்பும் தாய்க்கு இருக்கும் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

"தங்கச்சி, முதல் பாதி அருமையாச் சொன்ன. இப்ப மைக் எங்கிட்ட வந்துட்டு. நீ தண்ணி குடி. ரசிகப் பெருமக்களே, இங்க நம்ம பூமி. வெளிய கரிசக்காடு. மழை பெய்ஞ்சு விட்டிருக்கு. மேற்க இருந்து காத்து. காத்தாலை மூணு சுத்துது, நாலாவது நிக்கி. வேலியோரமா ஆட்டு மந்தை வடக்க போகுது, கடைசி ஆடு நொண்டுது..."

விடாமல் பேசினார். விட்டால் அங்கே அவள் மறுபடி மைக்கைப் பிடித்துவிடுவாள். தொண்டை கட்டியபோது வெந்நீர் கொடுத்தேன். டம்ளரை இடப்பக்கம் வைத்தேன், கை பட்டுக் கொட்டிவிட்டது. "என்ன பளபளப்பான டம்ளரு!" என்று சொல்லிவிட்டு மேலே பேசினார். அவர் சொல் போய்ச் சேர நான்கு மணி நேரம். அது வேலை செய்ததா என்று நமக்குத் தெரிய இன்னொரு நான்கு மணி நேரம்.

திரையில் நெப்டியூனின் நீலத்துக்கு நூறாவது நன்றி வந்துகொண்டிருந்தபோது, பாதிச் சொல்லில் எழுத்து நின்றது. அறை முழுவதும் அமைதி. வாழ்க்கையில் ஓர் அமைதிக்கு அப்படி நான் சந்தோஷப்பட்டதே கிடையாது. ஹாஜிரா அக்காவைக் கட்டிக்கொண்டாள். இயக்குநர் வெளியே போய், மேலிடத்துக்குப் போன் போட்டு, நெப்டியூனைக் கடக்கும் நேரத்து வர்ணனை கிடையாது என்று தானே சொன்னார். அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. கூடிய கூட்டங்கள் கலைந்து போயின. எல்லாருக்கும் ஏமாற்றம்தான்.

குழாய் சூடேறியது. ஒரு நாள் கழித்து, அக்கா "இப்ப உன் பாதி" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்ததும் தங்கச்சி நேற்றைய ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

"காத்து மேற்கமா அடிக்குது, சத்தத்தை விட வேகமா. வெள்ளை மேகம் கீத்துக் கீத்தா ஓடுது. நிலா ஒண்ணு, பேரு டிரைட்டன். கிரகம் சுத்துற திசையில சுத்தாம எதிர்த்திசையில வருது. இந்த வீட்டுப் பிள்ளை இல்ல, எங்கேயோ போயிக்கிட்டு இருந்ததைப் பிடிச்சு வச்சிருக்காங்க போல. தரை எல்லாம் உறைபனி. அதுல இருந்து கறுப்பா ஒண்ணு பீறிட்டு நேரா மேல போகுது. மேல போனதும் காத்துல ஒரு பக்கமாச் சாயுது. இவ்வளவு குளிருலயும் இந்த ஊரு சும்மா இல்ல."

சின்னச் சின்ன வாக்கியம். ஒரு நன்றி கிடையாது. அதைக் கேட்டு நாங்கள் அழுதோம்.

அதன் பிறகு அதுவே முறையானது. மின்சாரம் போதாததால் தங்கச்சி ஒரு பாதி பேசுவாள், ஒரு பாதி ஓய்வெடுத்துக் குழாயைச் சூடாக்கிக்கொள்வாள். அவள் ஓய்வெடுக்கும்போது மைக் சும்மா இருக்கக் கூடாது என்று அக்கா தினமும் நிலையத்துக்கு வந்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து பூமியைச் சொல்லுவார். "நீ இருக்க இடத்துல இருந்து பாத்தா நாங்க சூரியனை ஒட்டிக்கிட்டு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள என்ன நடக்குன்னு சொல்லுதேன், கேட்டுக்கோ" என்று ஆரம்பிப்பார். நான்கு கிரகம் கேட்டு முடித்த எனக்கு ஐந்தாவதாக நம் கிரகத்தைக் கேட்டபோதுதான் அருமை புரிந்தது. தண்ணீர் தண்ணீராகவே தரையில் தேங்கிக் கிடக்கிற ஊர் இது. குட்டையில் ஆடு வாய் வைக்கிறது என்று அவர் சொன்னால், அது எவ்வளவு பெரிய செய்தி!

மாதங்கள் போயின. அக்காவின் வர்ணனை மெருகேறிக்கொண்டே போனது. வானொலிக்காரர்கள் அதையும் வாங்கி வாசித்தார்கள். அன்று மாலை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆகா, என்ன வானம் தங்கச்சி! பொன்னை உருக்கி ஊத்தின மாதிரி. இந்தக் கரிச மண்ணுல பிறக்க என்ன தவம் செஞ்சோமோ. இந்த மாடியைக் கட்டின கொத்தனாருக்கு நன்றி. எனக்கு மைக்கு தந்த சேவியர் தம்பிக்கு நன்றி. இந்தப் பூமி மாதிரி ஒரு பூமி ஏழு உலகத்துலயும் உண்டா?"

என் பெயரைச் சொன்னதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் ஹாஜிராவிடம் அதை மூன்று தடவை சொல்லிக் காட்டினேன். "சார், ரொம்பத்தான்" என்று அவள் போய்விட்டாள். மாடியில் பேசிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பக்கவாட்டில் அவள் வந்து நின்றதையும் போனதையும் அக்கா கவனிக்கவில்லை. அது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

அன்று தங்கச்சியின் பதில் வந்தது. அவள் முறை இன்னும் வரவில்லை. ஓய்வில் இருக்க வேண்டியவள். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அக்காவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். கொஞ்ச நாளாகத் திரையை என்னை வாசிக்கச் சொல்வது அவர் வழக்கமாகியிருந்தது.

"அக்கா. ரொம்ப நல்லாச் சொல்லுதீங்க. பந்து எங்க? யாருக்கு அடி?"

வாசித்துவிட்டு நான் நிமிர்ந்தேன். நிலைக்கதவு, டம்ளர், ஆசாரி, கொத்தனார் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து என் மண்டையில் அடித்தன. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அக்காவின் முதுகைப் பார்க்க நெப்டியூனுக்கு அப்பாலிருந்து ஒருத்தி வேண்டியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

அக்கா மைக்கை மெதுவாக மடியில் இறக்கி வைத்தார்.

"ஓரமெல்லாம் போயிட்டு தம்பி" என்றார். "நேரா இருக்கது மட்டுந்தான் தெரியுது. குழாய்க்குள்ள பாக்க மாதிரி. அதுவும் கொறைஞ்சுக்கிட்டே வருது. ஆட்டு மந்தையை இப்ப மணிச் சத்தத்தை வச்சுத்தான் சொல்லுதேன்."

"எப்ப இருந்துக்கா?"

"நெப்டியூனுக்கு முந்தியே."

"ஏன் சொல்லலை? ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?"

"வர்ணனைக்காரிக்குக் கண்ணு போயிட்டுன்னு தெரிஞ்சா மைக்கை யாரு குடுப்பா? நான் வாயை மூடினா அது ஓய்வெடுக்காது. அது ஓய்வெடுக்கலைன்னா உறைஞ்சு போயிரும்." "இப்ப நான் எதைச் செஞ்சேனோ, அதையேதான் அதுவும் அன்னைக்குச் செஞ்சுது. அதை நிப்பாட்டுன வாயால நான் என்ன சொல்லட்டும்?"

மதுரையில் டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் தாமதித்திருந்தால் அதுவும் கையை விட்டுப் போயிருக்கும் என்று சொன்னதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திரையில் மறுபடியும் எழுத்து விழத் தொடங்கியது. அவள் கேட்ட கேள்விக்கு நம் பதில் இனிமேல்தான் போக வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க அவள் தயாராக இல்லை.

நான் சத்தமாக வாசித்தேன்.

"ரசிகப் பெருமக்களே, இங்க இருட்டு. நெப்டியூன் பின்னால போயிட்டு. முன்னால சின்னதா ஒரு பனிக்கட்டி உருளுது, இடமிருந்து வலமா. மெதுவாத்தான் போகுது, அவசரம் ஒண்ணும் இல்ல. குழாய் சூடா இருக்கு. அக்கா, மைக் எங்கிட்ட வந்துட்டு. நீங்க தண்ணி குடிங்க."

நான் எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தேன். பக்கத்தில் வைக்கவில்லை. அவருக்கு நேர் எதிரே, கண் எட்டுகிற இடத்தில் நீட்டினேன். அக்கா ஒரே தடவையில் எட்டி வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல், முழுவதையும் குடித்தார்.